இடது பக்கத் தையல்

மதுரை,
20-1-1936

கர்த்தருக்குள் பிரியமான அக்காளுக்கு,

தங்கச்சி ரெபேக்காள் சோலையம்மாள் எழுதுகிறேன். நானும் குழந்தை கிருபையும் தேவ தயவால் சுகமாக இருக்கிறோம். நீயும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? செவலைப் பசுவுக்குக் கால் சரியாகிவிட்டதா?

பொங்கலுக்கு மச்சான் கொண்டுவந்து இறக்கிய கரும்பும் மொச்சையும் இன்னும் தீரவில்லை. நாங்கள் பொங்கல் வைப்பதில்லை என்று தெரிந்தும் ஒரு தை மாதம் தவறாமல் அனுப்புகிறாய். ஆத்தாவும் அப்பனும் பேதியில் செத்த வருஷம் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மிஷன் போர்டிங்கில் சேர்த்தவள் நீ. அங்கே நான் ஞானஸ்நானம் வாங்கினேன் என்று கேட்டு ஊரே உன்னை ஏசியது. அந்த வருஷமும் கரும்பு வந்தது. இதற்கெல்லாம் நான் என்ன செய்து தீர்ப்பேன்? எனக்குத் தெரிந்தது தையல்தான். வழக்கம்போல் ஒரு ரவிக்கை அனுப்பியிருக்கிறேன். ஊதாத் துணி, வெள்ளைப் பொத்தான். இந்தத் தடவையாவது போட்டுக்கொள் அக்கா.

அவருக்கு இன்னும் திருவாதவூரில்தான் உபதேசியார் வேலை. மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறார். எனக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மாதர் கூட்டம். போன வாரம் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஆதித் தகப்பனும் தாயும் தோட்டத்தில் வெட்கம் தெரியாமல் இருந்ததையும், பாவம் வந்தவுடன் வெட்கமும் கூடவே வந்து இலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டதையும் சொன்னேன். நம் சரீரம் தேவன் தங்குகிற ஆலயம், ஆலயத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திரியலாமா என்று கேட்டேன். எல்லாரும் மெச்சினார்கள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

கிருபைக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. நல்ல கனம். இப்போதெல்லாம் அவளை வலது இடுப்பில்தான் வைத்துக்கொள்கிறேன். அது அவளுக்குப் பிடிக்காமல் அழுகிறாள்.

மச்சானுக்கு என் தோத்திரம் சொல்லு. உனக்காகத் தினமும் ஜெபிக்கும்,
சோலையம்மாள்

*

சமயநல்லூர்,
11-2-1936

சௌபாக்கியவதி சோலையம்மாளுக்கு அக்காள் அன்னக்கொடி சொல்ல, தபாலாபீஸ் ஹாலாஸ்யம் எழுதியது. இங்கே நானும் உன் மச்சானும் நன்றாக இருக்கிறோம். பசுவும் நடக்கிறது. நீயும் குழந்தையும் உபதேசியாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

என்னமோ இரண்டு பெயர் போட்டு எழுதியிருந்தாயாம். எனக்கு நீ சோலைதான். நான் பேசுகிற மாதிரி எழுதச் சொன்னால் இந்தச் சாமி எல்லாவற்றையும் புஸ்தகமாக்கிவிடுகிறார். கேட்டால், "நீ சொல்றதை அப்படியே எழுதினா தபால் இலாகாவிலே என்னை ஆத்துக்கு அனுப்பிடுவா" என்கிறார்.

ரவிக்கை வந்தது. அழகாக இருக்கிறது. ஆனால் கையை இறுக்கிப் பிடிக்கிற துணிக்குள் புகுந்துகொண்டு நான் எப்படிக் களை எடுப்பேன்? போன வருஷத்துச் சிவப்பு ரவிக்கையைச் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்டேன். ஒரு கிளி அண்டவில்லை. "உன் தங்கச்சி கையில என்னமோ இருக்குடி" என்று உன் மச்சான் சொன்னார். அதற்கு முந்தினதில் விதை மொச்சை கட்டித் தொங்குகிறது. நீ தைத்தது எதையும் நான் வீணாக்கவில்லை.

கதவைத் திறந்து போடலாமா என்று கேட்டாயாமே. உன் கல்யாணத்தன்று உங்கள் கோயில் கதவை என் முன்னால் சாத்தியது நினைவிருக்கிறதா? "ரவிக்கை இல்லாம உள்ள வரக்கூடாதும்மா" என்று ஒரு அம்மாள் சொல்லி வராந்தாவில் எனக்கு ஒரு பாய் போட்டாள். மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சன்னல் வழியாகத்தான் உன் கல்யாணத்தைப் பார்த்தேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அப்புறம் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கல்யாணம் நன்றாகத்தான் இருந்தது.

அது சரி, ஏன் வலது இடுப்பு? நீ பிறந்ததிலிருந்து நான் தூக்கியது இடது இடுப்பில். அதைப் பார்த்து நீயும் இடது இடுப்புக்காரி. அதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அக்காள் அன்னக்கொடி, கைநாட்டு

*

மதுரை,
14-3-1936

அன்புள்ள அக்காளுக்கு,

தங்கச்சியின் தோத்திரம். எல்லாரும் சௌக்கியம். இங்கே மாசி முடிவதற்குள்ளேயே வெயில் கொளுத்துகிறது. அங்கே கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்தேன். இன்னொரு நாள் எழுதுகிறேன் அக்கா.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. தொட்டால் நகராமல் கல்லாட்டம் இருக்கிறதாம். பிள்ளை பால் மறந்தபோது கட்டியதாக இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். கரைய மாட்டேன் என்கிறது. ஊர்ப்பக்கம் இதற்குப் பச்சிலை ஏதாவது உண்டா? அவர்கள் மிகவும் கூச்சப்படுகிறவர்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள்.

ஐயர் அவர்கள் இதைப் படிக்க நேர்வதற்காக மன்னிக்க வேண்டும்.

சோலையம்மாள்

*

சமயநல்லூர்,
20-3-1936

சோலையம்மாளுக்கு அன்னக்கொடி. சுகம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. எல்லாரும் நன்றாக இருங்கள்.

சாமி உன் கடிதத்தைப் படிக்கும்போது நடுவில் இருமினார். இருமிவிட்டு, "அவ்விடத்திலே ஒரு கட்டி" என்றார். "எவ்விடத்துல சாமி? காலுலயா தலையிலயா?" என்று கேட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முத்திரைக் கட்டையைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் நானாகத்தான் தெரிந்துகொண்டேன். நான் சொல்கிற சொல்லை எழுத மாட்டேன் என்று பேனாவையும் வைத்துவிட்டார். ஆகையால் அவ்விடம் என்றே இருக்கட்டும்.

பச்சிலை எதுவும் இல்லை. கேட்டுக்கொள். கருத்தக்கண்ணன் மாமன் பெண்சாதிக்கு இதேதான் வந்தது. சுண்டைக்காய் அளவில் ஆரம்பித்தது. அரைத்துப் போட்டோம், பற்றுப் போட்டோம், கோடாங்கியைக் கூப்பிட்டுத் திருநீறு போட்டோம். மறு தைக்கு அவள் இல்லை. அந்த நாலாவது வீட்டு அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உங்கள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டு. நாளைக்கே போ.

அவள் பெயர் என்ன? எந்தப் பக்கம் கட்டி? இடது இடுப்பைப் பற்றியும் நீ பதில் எழுதவில்லை.

அன்னக்கொடி, கைநாட்டு

*

மதுரை,
3-5-1936

பிரியமான அக்காளுக்கு,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். கிருபைக்குச் சளிக்காய்ச்சல் வந்து தேறினாள். நீயும் மச்சானும் சுகமென்று நம்புகிறேன்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார்கள். டாக்டரம்மா நல்லவர்கள்தான். ஆனாலும் மேலே போட்டிருப்பதை அவிழ்க்கச் சொல்வார்களே. அறுக்கிற அறையில் தூக்கிப் படுக்க வைக்க ஆண் ஆட்களும் இருப்பார்களாம். புருஷன்கூட வெளிச்சத்தில் பார்த்ததில்லை, ஊரார் பார்க்கவா என்கிறார்கள். இத்தனை வருஷம் மற்றப் பெண்களுக்கு மூடச் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது மேசைமேல் திறந்து கிடப்பதா? தேவன் கொடுத்த சரீரத்தை முழுசாக அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று ஜெபம் செய்கிறார்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். நல்லதாயிற்று. தையல் மிஷினில் உட்கார்ந்தால் இடது கை துணியைத் தள்ள மாட்டேன் என்கிறது. ஒரு ரவிக்கை தைக்க நாலு நாள் ஆகிறது எனக்கு.

அவர் ஜூன் மாதம்தான் வருவார். அவருக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

கிருபையை நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். அவளுக்கு உன்னிடம் ஒட்டுதல் உண்டு.

சோலை

*

சமயநல்லூர்,
9-5-1936

சோலை,

நாலாவது வீட்டில் யாரும் இல்லை. அது உன் வீடு.

ஐயர் இரண்டாம் தடவை படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது இடுப்பில் பிள்ளை. தள்ளாத இடது கை. கிருபையை வந்து பார்த்துக்கொள் என்கிறாய். எதற்கு, உனக்கப்புறமும் அவள் என்னிடம் இருப்பதற்கா? கடைசியில் சோலை என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பத்து வயதுக்குப் பிறகு நீ அப்படி எழுதியதே இல்லை. நான் படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் உன்னை வளர்த்தவள்.

இப்போது நான் சொல்வதைச் சாமி சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்றால் பரவைச் சந்தையில் எழுதுகிறவன் ஒருத்தன் இருக்கிறான், அவனிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு முலையில் கட்டி. முலை. எழுதிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை.

நான் பிறந்ததிலிருந்து ரவிக்கை போட்டதில்லை. ஒருத்தன் என்னைத் தப்பாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அது அவன் கண்ணில் இருக்கிற புண். நீ மூடிக்கொண்டாய், அதையும் நான் குறை சொல்லவில்லை. உன் உடம்பு உனக்கு மதிப்பு என்று உன் சாமி சொல்லிக்கொடுத்தார். நல்லதுதான். மதிப்பான பொருளை யாராவது அழுகவிட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பார்களா?

இன்னொன்று. இரண்டு வருஷம் முந்தி உன் வீட்டுக்காரர் எங்கள் சாவடியில் படச்சுருளை விரித்துக் காட்டினாரே, அதில் அந்த மனுஷர் இடுப்பில் ஒரு முழத் துண்டோடு கட்டையில் தொங்கினார். உடுத்தியிருந்ததையும் சேவகர்கள் உருவிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று உபதேசியார் சொன்னார். ஊரே பார்த்தது. எதையும் நையாண்டி பண்ணுகிற விருமாண்டிகூட வாயை மூடிக்கொண்டு நின்றான். நான் அழுதேன். வெட்கங்கெட்டவர் என்று ஒருத்தர் சொல்லவில்லை. உங்கள் நோவு தீரத்தான் அப்படித் தொங்கினார் என்றால், உன் நோவு தீர நீ நாலு பொத்தானைக் கழற்றக் கூடாதா? எனக்கு உன் வேதம் தெரியாது. படத்தில் பார்த்ததைக் கேட்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஓடி ஒளியாதே.

அன்னக்கொடி, கைநாட்டு

பின்குறிப்பு. அம்மா, இது நான் என் சொந்தப் பொறுப்பில் எழுதுவது. உன் அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள்; எனக்காக ஏதோ எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் அகத்துக்காரி வாலாம்பாள் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஜுரம் என்று ஊரில் சொன்னேன். ஜுரம் இல்லை. ஒரு வருஷம் என்னிடமே மறைத்தாள். புண் வைத்து வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வைத்தியரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கும் நா எழவில்லை. நெஞ்சு வலி என்றேன். நெஞ்சு வலிக்கு மருந்து கொடுத்தார். மார்ச்சில் உன் கடிதத்தைப் படித்தபோது நான் இருமியது கூச்சத்தால் மட்டும் அல்ல. இன்று எழுதிவிட்டேன். நீ வெள்ளிக்கிழமை போக வேண்டும். இவ்வளவுதான். ஹாலாஸ்யம்.

*

மதுரை,
6-6-1936

மரியாதைக்குரிய ஐயர் அவர்களுக்கு,

ரெபேக்காள் சோலையம்மாள் நமஸ்காரம். நீங்கள் தேக சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். நான் பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். முதல் கடிதம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று படுக்கையிலேயே நினைத்துக்கொண்டேன். ஒரு ஆண்பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் எனக்கு எழுதினீர்கள். ஆகையால் நானும் எழுதுகிறேன்.

உங்கள் குறிப்பை நான் யாருக்கும் காட்டவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. அதைப் படித்த அன்று முழுவதும் வாலாம்பாள் அம்மாளை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருஷம் அவர்கள் தனியாக எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். "எந்திரி, சேலையக் கட்டு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆஸ்பத்திரியில் மறைப்புக்குப் பின்னால் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா வெள்ளைக்காரர். வேதத்தில் வருகிற தமிழில்தான் பேசுவார். "பயப்படாதேயும் மகளே, உம்முடைய உடுப்பை நெகிழ்த்தும்" என்றார். நான் முதல் பொத்தானில் கை வைத்தேன். டாக்டரம்மா காத்திருந்தார். எனக்குக் கண்ணீர் வந்ததே தவிரப் பொத்தான் கழலவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தும் விட்டேன்.

அப்போது அக்கா முந்தானையை எடுத்து மடியில் போட்டுவிட்டு டாக்டரம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "டாக்டரம்மா, மொதல்ல என்னையப் பாருங்க. எனக்கு ஒண்ணுமில்ல. எப்படிப் பாப்பீகன்னு எந்தங்கச்சி தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நோயாளியைப் பார்ப்பதுபோலவே இரண்டு பக்கமும் நிதானமாக அழுத்திப் பார்த்து, "நீர் சுகமாயிருக்கிறீர்" என்றார். "அம்புட்டுதேன்டி. மாட்டுக்குப் பல்லுப் பாக்குறதவிடச் சுளுவு" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நாலு பொத்தானையும் கழற்றினேன்.

அந்தத் தோட்டத்தில் ஆதியில் வெட்கம் இல்லாமல் இருந்தார்கள் என்று பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் அக்கா இருந்தாள், எனக்குப் பயமாக இல்லை.

திங்கட்கிழமை மயக்க மருந்து கொடுத்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கக்கத்துக்கு வேர் ஓடவில்லை, காலத்தில் வந்தீர் என்றார் டாக்டரம்மா. காலத்தில் வந்ததற்கு மூன்று பேர் காரணம். தேவனுக்கும் அக்காவுக்கும் வாயால் சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கடிதத்தில் சொல்கிறேன். நீங்கள் அந்தச் சொல்லை எழுதியதற்கு நான் சாகிற வரைக்கும் நன்றியுள்ளவள்.

உங்கள் மகளைப் போன்ற,
சோலையம்மாள்

*

சமயநல்லூர்,
15-6-1936

சிரஞ்சீவி சௌபாக்கியவதி சோலையம்மாளுக்கு ஹாலாஸ்யம் அநேக ஆசீர்வாதம். க்ஷேமமாக இருக்க வேண்டும்.

இந்த ஆபீசில் உட்கார்ந்து இருபது வருஷமாகப் பிறத்தியார் கடிதங்களை எழுதியும் படித்தும் வருகிறேன். எனக்கென்று வருவது மேலதிகாரி கேட்கிற விளக்கம்தான். உன் கடிதத்தின் உறையில் என் பெயரைப் பார்த்து முதலில் யாரோ என்று எடுத்து வைத்துவிட்டேன். வாலாம்பாளின் திவசத்துக்கு மறுநாள் அது வந்தது. நான்கு தடவை படித்தேன். சத்தம் போட்டுப் படிக்கவில்லை.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. உன் அக்காவுக்காகப் புஸ்தகமாக எழுதிவிடுகிறேன், எனக்காக வரவில்லை. நீ நன்றாக இரு, அம்மா.

உன் அக்கா, தோட்டத்து இலவ மரத்துப் பஞ்சை அடித்துக் கொட்டை எடுத்து ஒரு பை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "ஒரு பக்கம் காலியா இருந்தா ரவிக்கை சுருங்காதா சாமி?" என்றாள். இத்துடன் பார்சல் வருகிறது.

ஹாலாஸ்யம்

*

மதுரை,
20-9-1936

என் அருமை அக்காவுக்கு,

தங்கச்சியின் தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். சொல்வதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். கிருபையைத் திரும்பவும் இடது இடுப்பில் வைக்க ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான் முடிகிறது. அவளுக்கு அது போதும். உன் பஞ்சு வந்த அன்றே பை தைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இலேசாக இருக்கிறது, உன் கொல்லை வாசனையும் கொஞ்சம் இருக்கிறது.

நீ மே மாதமே ஆள் விட்டுச் சொல்லி, அவர் திருவாதவூரிலிருந்து ஓடி வந்தாரே, அன்று நீ வெளியே போன பிறகு பேசியதை உனக்குச் சொல்ல வேண்டும். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டு அழுதார். நான் அந்த இலை தைத்த கதையைச் சொன்னேன். "இலையத் தச்சது அவங்க. தேவன் என்ன செஞ்சாரு? தோட்டத்த விட்டு வெளிய அனுப்புறப்போ தோல்ல உடுப்புத் தச்சுப் போட்டுல்ல அனுப்புனாரு. வெயில்ல போற பிள்ளைக்கித் தாய் தலையில துணி போடுவாளே, அந்த மாதிரி. உடுப்பு தண்டனையில்ல சோலை" என்றார். நான் படித்த கதைதான். அந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. மாதர் கூட்டத்தில் இனிமேல் அதைத்தான் சொல்லப் போகிறேன். துணி தேவனுடைய இரக்கம். இரக்கத்தை வைத்து ஒருத்தியை வெளியே நிறுத்தக் கூடாது.

இங்கேதான் என் கடன் இருக்கிறது அக்கா. கல்யாணத்தன்று நீ வராந்தாவில் இருந்ததை நான் பார்த்தேன். உள்ளே விடச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. உன்னை எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூசினேன். உன்னைப் பார்த்துக் கூசினேன். அதற்காகத்தான் இரண்டாம் தடவை திரும்பவில்லை. மூன்று காகிதம் கிழித்ததும் இதை எழுத முடியாமல்தான். என்னை மன்னித்துக்கொள்.

வருகிற அக்டோபர் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. நான் பிழைத்ததற்காக எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். நீ வர வேண்டும். எப்படி இருக்கிறாயோ அப்படியே வா.

இத்துடன் ஒரு ரவிக்கை வருகிறது. போட்டுக்கொள்ள அனுப்பவில்லை. கை மடங்காமல் இருக்கத் தினமும் வேலை கொடு என்று டாக்டரம்மா சொன்னார். அதற்காக ஒன்று தைத்தேன். ஐந்து வாரம் ஆனது. வலது பக்கம் சரியாக வந்துவிட்டது. இடது பக்கம் பூராவும் கோணல். என் வகுப்புப் பிள்ளை இப்படித் தைத்தால் பிரித்துவிடச் சொல்வேன். எனக்குப் பிரிக்க மனசு வரவில்லை. சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஆகும்.

உன்னால் உயிரோடிருக்கும்,
சோலை

*

சமயநல்லூர்,
19-10-1936

சோலைக்கு அக்காள் சொல்லி எழுதுவது. நானும் மச்சானும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது. பண்டிகையிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியும் உன் மச்சானுக்குக் கதை சொல்லி முடியவில்லை. அதில் ஒரு பாகம் உனக்கும் சொல்ல வேண்டும். அன்று கூட்டத்தில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கோணல் ரவிக்கையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பார்த்திருப்பாய். ஏன் போட்டேன் என்று நீ கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தாய். உங்கள் கோயிலுக்காகப் போடவில்லை. தூக்க முடியாத கையால் ஒருத்தி எனக்கு ஐந்து வாரம் தைத்திருக்கிறாள். அதைப் பொம்மைக்குப் போடுவேனா? சமயநல்லூரிலிருந்து மதுரை வரை அந்த இடது பக்கத் தையலைத் தடவிக்கொண்டே வந்தேன். கக்கத்தில் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு வந்து பார்த்தால் நீ வராந்தாவில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் உபதேசியார். பின்னால் மாதர் கூட்டத்துப் பெண்கள் பத்துப் பேர். "ஏண்டி இங்கன உக்காந்திருக்க?" என்று கேட்டேன். "ஒன்ன உள்ள விடலேன்னா நாங்களும் உள்ள போறதில்லேன்னு இருக்கோம்" என்கிறாய். நான் ரவிக்கையோடு நிற்கிறேன். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. உங்கள் போதகர் வாசலுக்கு வந்து, "எல்லாரும் உள்ள வாங்கம்மா, யாரும் எப்படியும் வரலாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனுஷர். ஆனாலும் நீ எழுந்திருக்கவில்லை. அந்தப் பாயிலிருந்தே சாட்சி சொன்னாய். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். அன்று உன் கல்யாணத்தை நான் முதுகுப் பக்கமிருந்து பார்த்தேன். இப்போது கோயிலே என் பக்கம் பார்த்து உட்கார்ந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாயே, அது அந்தப் பாயிலேயே முடிந்துவிட்டது.

நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது ஆண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் குனியவில்லை. நான் பார்த்தேன். முடிந்த பிறகு இரண்டு பேர் உன் காதில் வந்து ஏதோ சொன்னார்களே, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாயா?

இனி முக்கியமான விஷயம். மேலத்தெரு பாண்டியம்மாளுக்கு வலது முலையில் கட்டி. நேற்றுக் களை எடுக்கும்போது என்னிடம் சொன்னாள். இது உன்னுடைய நாலாவது வீட்டு அம்மாள் மாதிரி இல்லை, நிஜமாகவே பாண்டியம்மாள்தான். நான் நன்றாக இருக்கிறேன். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரம்மாவைக் கேள். சாமி இந்தத் தடவை இருமவில்லை. நான் சொல்லி வாய் மூடுவதற்குள் எழுதிவிட்டு, "எந்தப் பக்கம்? தெளிவாச் சொல்லு" என்று அவரே கேட்டார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நில். அவள் ரவிக்கை போடாதவள்தான். ஆனாலும் கத்தி என்றால் நடுங்குகிறாள். அறுத்த பிறகு பொம்பளையாக இருக்க முடியுமா என்று என்னைக் கேட்கிறாள். அதற்கு நான் எதைக் காட்டுவேன்? எனக்கு இரண்டும் இருக்கிறது. மறைப்புக்குப் பின்னால் போனதும் அவளுக்கு முன்னால் நீ உட்கார். இந்தத் தடவை பொத்தானை முதலில் கழற்ற வேண்டியவள் நீதான்.

கிருபைக்குப் பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவருகிறேன்.

அக்காள் அன்னக்கொடி, கைநாட்டு